மாப்பிள்ளை விசாரிப்பு

நல்லம்பள்ளி டீக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பெண்ணைப் பெற்ற பெரியவர் ஒருவர் மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். அவன் சம்பளம், நட்சத்திரம், குலதெய்வம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். நேரில்தான் பார்த்ததில்லை. செல்போன் போட்டோவிலோ ஸ்டூடியோக்காரர் பூசிய வெள்ளையில் ஆளே தெரியவில்லை.

அதை டீ குடிக்கும் இளைஞனிடம் காட்டுகிறார். "பையன் எப்படிங்க தம்பி?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கோவக்காரனுங்க. காலையில எழுப்பவே முடியாதுங்க" என்கிறான்.

"அந்தப் பையனே இவருதாங்க" என்று டீ மாஸ்டர் என் காதைக் கடிக்கிறார். கேள்வியறிவு வேறு, நேரறிவு வேறு என்று தடித் தடிப் புத்தகமாகப் படித்தவன் நான். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

பெரியவர் முகம் வாடுகிறது. "வூடு வூடாக் கேட்டேன், எல்லாரும் தங்கமான பையன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னீங்க."

அவனை மேலும் கீழும் பார்க்கிறார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா தம்பி?"