கறை என்று நினைத்து நான் அழித்தது

போன ஆடி மாதம், உத்திரமேரூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் நடந்தது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பெருநகர் கிராமத்தை ஒட்டிய ஊரோரக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா, நாலாக மடித்த வீட்டுமனைப் பட்டாவைக் கொண்டுவந்தார். இறந்துபோன அவருடைய அப்பாவின் பெயரில் இருந்தது.

2. காகிதம் மஞ்சளேறி, ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பாக விழுந்தது. கரண்ட் இணைப்புக்கு மனு கொடுக்க, எழுத்து தெரிகிற நகல் வேண்டும்.

3. ஸ்கேன் செய்து, மஞ்சளை நீக்கி, கறைகளைத் துடைத்து, பளிச்சென்று அச்சிட்டுக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

4. மறுநாள் கூலி வேலைக்குக்கூடப் போகாமல் திரும்பி வந்தார்.

"இன்னா பாப்பா, சலவைக்கா போட்ட? கரண்ட் ஆபீசுல ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாத்துட்டு, இது போலின்னுட்டாங்க. எங்க நைனா கைநாட்டு எங்க?"

கீழ் மூலையில் ஊதாவாக ஒரு திட்டு இருந்தது. மை சிந்திய கறை என்று நானாகவே முடிவு செய்து அழித்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். கைநாட்டு மங்கினால் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

"பட்டாவே பொய்யின்னு எய்திட்டா இன்னா பண்றது? வூடு கீறது அந்த மண்ணுலதான்" என்றார்.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மறுபடி ஸ்கேன் செய்தேன். இந்த முறை எதையும் துடைக்கவில்லை. மஞ்சளைக் குறைத்து, ஊதாவை மட்டும் கூட்டினேன். ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. நடுவில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. காகிதத்தின் கீறல் என்று, பழக்கத்தில் மவுஸ் அங்கே போய்விட்டது.

"அய்ய, அத்தத் தொடாத! கதிர் அறுக்கறப்ப அருவா பட்ட வெட்டு அது."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நைனாவுக்கு ஒரு போட்டோகூடக் கெடையாது. அந்த வெரல மட்டும் பெருசா ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாவது நகலை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டில் இப்போது விளக்கு எரிகிறது. விளக்குக்குக் கீழே, சுவரில் அந்த விரல் மாட்டியிருக்கிறது. நானோ, எந்தப் பழைய காகிதம் வந்தாலும், உரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கறையும் என்னவென்று கேட்ட பிறகே அழிக்கிறேன்.