குருவாயூரப்பனுக்குப் பின்னால் ஒரு சார்ட்டர்

ரகசியமே இல்லாத ஒரு காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து ஆணி அடிக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எங்கள் எதிர் பிளாக் மாமா.

பம்பாய் மாட்டுங்காவில் என் அப்பா தலைவராக இருந்த ஃப்ரீமேசன் லாட்ஜுக்கு, அதாவது ஜாதி மதம் பார்க்காமல் கூடும் சங்கத்துக்கு, அவர்தான் செக்ரட்டரி. யுத்தத்தில் லாட்ஜ் ஹாலை ரேஷன் மூட்டை அடுக்க எடுத்துக்கொண்டார்கள். சாமான்கள் பிரிந்தன. நாற்காலிகள் பார்சி டாக்டர் வீட்டுக்குப் போயின. லாட்ஜ் சடங்குக்கான கவராயமும் மரச்சுத்தியும் தாராவியில் தோல் வியாபாரம் செய்யும் திருநெல்வேலி பாய் வசம். சார்ட்டர் மாமாவிடம். லாட்ஜ் நடத்த மேலிடம் கொடுத்த அனுமதிப் பத்திரம் அது. அறையில் அது இல்லாவிட்டால் எத்தனை பேர் கூடினாலும் லாட்ஜைத் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

யுத்தம் முடிந்து ஹால் திரும்பி வந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார். ஊரில் இந்து-முஸ்லிம் கலவரம் வந்தது. பாய் மாட்டுங்கா வருவதை நிறுத்தினார், மாமா தாராவிப் பக்கம் போவதை நிறுத்தினார். பதினைந்து வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் மறுபடி உட்கார இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. சரி, நாமே திறப்போம் என்று பி.ஏ. முடித்த திமிரில் இறங்கினேன். ஆபீஸ் டைப்ரைட்டரில் லஞ்ச் நேரத்தில் மேலிடத்துக்குக் கடிதம் கடிதமாக அடித்தேன். பதில் வந்தது: ஞாயிறு நாலு மணிக்கு அதிகாரி வருவார், சார்ட்டரைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் லாட்ஜின் பெயரை அடித்துவிடுவார்கள்.

மாமாவிடம் ஓடினேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாமி கண்ணில் படாமலிருக்க, சார்ட்டரைக் குருவாயூரப்பன் படத்துக்குப் பின்னால் வைத்து அடித்திருக்கிறார். அவர் டூரில் இருந்தபோது மாமி அந்தப் படத்தைப் பஜனை மண்டலிக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு வருஷமாக மனுஷன் வாயைத் திறக்கவில்லை!

"லாட்ஜ் இருக்குங்கறது ரகசியமே இல்லை மாமா. வாசல்ல போர்டே இருந்தது. மாமிகிட்ட சொல்லி வாங்குங்கோ."

"நோக்குத் தெரியாதுடா அம்பி. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. அங்க யாரோட உக்காந்து சாப்டேள்னு."

இதுதானா உங்கள் பரம ரகசியம் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. நேரே மண்டலிக்குப் போய், படத்துக் கண்ணாடியில் கீறல் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று பிரசிடெண்டிடம் அளந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கீறலா? பகவானோட நெத்தியில தானா வந்த கோடுன்னு எல்லாரும் விழுந்து சேவிக்கறா. கைய வச்சுடாதே."

அங்கிருந்து தாராவி. பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் பாட்டுக்குச் சிரித்தார்.

"என் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்ன மனுசன் பொண்டாட்டிக்குப் பயப்படுதாரா? நான் போயி அந்தப் படத்தக் கழத்த முடியுமா தம்பி? ஊரே பத்திக்கிடும்லா." பிறகு சிரிப்பை நிறுத்தி, கவராயம் இருந்த துணிப்பையை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போயிரு. யாரும் ஒண்ணா சேரப் போறதில்லன்னா எனக்கு எதுக்கு?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பையை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டு வாருங்கள், நான் மாட்டுங்கா ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை மாமா வீட்டு வாசலில் நின்று, பாய் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி மாமியைக் கூப்பிட்டார். நான் படியிறங்கிவிட்டேன்.

டாக்டரின் நாற்காலிகள் வந்துவிட்டன. பாய் கவராயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மாமாவின் நாற்காலி காலி. இப்போது மணி மூன்றே முக்கால்.