கூன் கீபோர்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டைப் அடித்துத் தர மனைவி இருக்கிறாள், ஆனால் அவள் கை இனி அதற்கு ஆகாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பத்திரம் டைப் அடிக்கும் கடையில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு பழைய கீபோர்டு இருந்தது. எழுத்துகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, நடுவில் கூன் போட்டு மேடாக இருக்கும். கைகளைச் சாய்வாக வைத்து அடிக்கலாம். மணிக்கட்டு வலியோடு அவள் அதில்தான் ஓட்டினாள். அது கெட்டதும் முதலாளி தட்டையான ஒன்றை வாங்கி வைத்தார். கூன் வைத்ததைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டதாம். அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

நான் பழைய கம்ப்யூட்டர் சாமான்களைப் பிரிக்கும் கடையில் இருக்கிறேன். "ஏங்க, அம்புட்டுக் குப்பை வருதே, அந்தக் கூன் கீபோர்டு வந்தா எடுத்து வைங்க. இல்லாட்டி நான் வேலைய விடணும்" என்றாள்.

ஒருநாள் கொடைரோட்டிலிருந்து வண்டி நிறையச் சாமான் வந்தது. மூட்டைக்குள் கைவிட்டு வயரை இழுப்போம், அடியோடு அறுத்துச் செம்புக் குவியலில் போடுவோம், மிச்சத்தை முதுகுக்குப் பின்னால் எறிவோம். கண் வயரில்தான் இருக்கும். சாயங்காலம் குவியலை அள்ளும்போது அடியில் அந்தக் கூன் கீபோர்டு கிடந்தது, வயர் அறுபட்டு. மேலே மானிட்டர்கள். கூனில் விரிசல்.

செல்போன் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனேன். "என்னண்ணே, கோழிக் கழுத்த அறுத்த மாதிரி அறுத்திருக்கீங்க" என்று சிரித்தார். வயரை ஒட்டினார். இடது பாதி வேலை செய்தது, வலது பாதி செய்யவில்லை. உள்ளே மெல்லிய தாள் மாதிரி ஒன்று கிழிந்திருந்தது. அதற்கு மாற்றுக் கிடைக்காது என்றார்.

வீட்டில் அவளிடம் கொடுத்தேன். மடியில் வைத்துச் செத்த நேரம் சும்மா அடித்துப் பார்த்தாள்.

"இதேதான். யாரு அறுத்தது?"

"நான்தான்."

"பாக்கலையா?"

"பாக்கலை."

சோறு போட்டாள், சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் என்னவென்றுகூட ஞாபகமில்லை. மறுநாள் அவள் கடைக்குப் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது வீக்கம் வற்றியிருக்கிறது. வீட்டில் இருக்கிறாள். நான் வேலைக்குப் போய்வருகிறேன்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். பிழை எதையும் சொல்லவில்லை. "அடியில தேதி போடுங்க, தேதியில்லாம எதுவும் செல்லாது" என்றாள்.

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.