மீன்காரம்மாவின் குரல்

காலை எட்டு இருபதுக்கு, மகள் மின்சார ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டதாக அழைப்பு வந்தது.

விழுந்த இடம் எங்கள் ஏரியா டோல்கேட் பஸ் நிறுத்தம். அங்கே மீன் விற்கும் அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, தொண்டை மட்டும் பெரிது. மீன் லாரிகள் சிந்தும் ஐஸ் தண்ணீரில் சக்கரம் வழுக்கும் என்று, ஸ்கேட்போர்டில் அலுவலகம் போகும் என் மகளைப் பார்த்துத் தினமும் கத்துவார்: "தண்ணி கீது கண்ணு, எறங்கி நட."

ரோடே திரும்பிப் பார்க்கிறதே என்று எனக்குத்தான் கூச்சம். போன வாரம் அவரிடம் போய், "இனிமே கத்தாதீங்கம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

மருத்துவமனைக்குக் கடைசியாக வந்தவர் அவர்தான். ஸ்கேட்போர்டைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"நீ சொன்னியேன்னு வாய மூடிக்கினு இருந்தேன் நைனா. அவ கை சரியாவட்டும், மறுபடி கத்துவேன். நீ இன்னா வேணா சொல்லிக்க."