பேனல் படங்களைப் பிடிஎஃப் ஆக்கியது

என் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் இறந்துபோனார். இருங்காட்டுக்கோட்டையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். அந்த பஸ்ஸில் எல்லோருமே அப்படித்தான் வருவார்கள். விடியும் முன்பே எழுந்த ஆட்கள். ஒரகடம் கூட்ரோட்டில் அவர் இறங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவரும் தூக்கத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பஸ் வாலாஜாபாத் வரை போய் நின்றது. டிரைவர் வந்து தோளைத் தொட்டு, "அண்ணே, கடைசி ஸ்டாப்பு" என்றாராம்.

மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய அடையாள அட்டை, டிபன் பாக்ஸ், போன் மூன்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கேன்டீனிலேயே கழுவி வைத்திருந்தார். வீட்டுக்குப் போய்க் கழுவ வேண்டிய வேலை ஒன்று குறைந்தது என்று நினைத்தேன். உண்மையில் அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களும் அப்படியே போயின. யார் வந்தாலும் நாற்காலி எடுத்துப் போட்டேன். எத்தனை பேருக்குக் காபி என்று சரியாகச் சொன்னேன். படப்பையில் இருந்து வந்து என்னோடு தங்கியிருந்த நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. என் கணவருக்கு மூத்தவர், அவரைத் தூக்கி வளர்த்தவர்.

"கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்காதம்மா. வாய வுட்டு அழுதுடு. உள்ளயே வெச்சினு இருந்தா உடம்புக்கு ஆவாது."

"வரல அண்ணி."

"இன்னா வரல? புருசன் பூட்டான். வரலைன்னா இன்னா அர்த்தம்?"

எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழ முயன்று பார்த்தேன். வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், என் கணவரின் மெயின்டனன்ஸ் டீமில் இருந்த தம்பி ஒருவர் வந்தார். உள்ளூர்ப் பக்கத்துக்காரர். பல வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறை வரைக்கும் வந்து பேசுபவர், அன்று வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. இந்த நேரத்துல வந்து கேக்கறது எனக்கே ஒரு மாதிரிதான் கீது."

"சொல்லுப்பா."

"ரெண்டாவது லைன்ல தகடு அடிக்கிற ஒரு பழைய பிரஸ்ஸு. வியாழக்கிழமையில இருந்து நிக்குது. கரன்ட் பேனலத் தொறந்து பார்த்தா, டிராயிங்ல ஒண்ணு கீது, உள்ள வயரு வேற மாதிரி ஓடுது. அண்ணன் மாத்தி வெச்சிருக்காரு. அது நல்லாதான் ஓடிச்சி. ஆனா எதுல இருந்து எதுக்குப் போவுதுன்னு எங்களுக்குத் தெரியல."

"நான் என்ன பண்ணணும்?"

"அண்ணன் ஒரு வயரக் கயட்டறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்துடுவாரு. எங்க டீமுக்கு மட்டும்தான் உள்ள போனுக்கு பர்மிசன். அந்தப் படமெல்லாம் கெடைச்சா, சூப்பர்வைசரு பிரின்ட் போட்டு பேனல் கதவுலயே மாட்டிடலாம்னு சொல்றாரு."

பார்த்து எடுத்துத் தருகிறேன் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டுக் கிளம்பினார். கேட் சாத்தும் வரை பொறுத்திருந்த நாத்தனார், "எடுத்துப் போட்ட மண்ணு ஈரம் காயல, மெஷினுக்கு வந்துட்டானுங்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. செய்யத் தெரிந்த வேலை ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான் தோன்றியது.

அது எனக்குத் தெரிந்த வேலைதான். சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறேன். பழைய காகித டிராயிங்குகளை ஸ்கேன் செய்தால் அவை படக் கோப்புகளாக வரும். ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகளுக்கோ அச்சடிக்கத் தோதாகப் பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் வேண்டும். ஒவ்வொரு படமாகத் திறந்து மாற்றிச் சேமிக்க ஆரம்பித்தால் வாரம் போய்விடும். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்த ஒருவர்தான், கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினால் ஒரு ஃபோல்டரில் உள்ள படங்கள் எல்லாம் ஒரே பிடிஎஃப் ஆகிவிடும் என்று காட்டிக்கொடுத்தார். மாற்று என்று ஒரு ஆணை, எந்தப் படங்கள் என்று சொல்ல ஒரு நட்சத்திரக் குறி, கடைசியில் புதுக் கோப்புக்கு ஒரு பெயர். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பிலும் அதே புரோகிராமைப் போட்டு வைத்திருந்தேன்.

என் கணவரின் போனுக்கு சார்ஜ் போட்டேன். பூட்டைத் திறக்கக் கோடு போடும் முறை எனக்குத் தெரியும். கேபிள் மாட்டிப் படங்கள் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு இறக்கினேன். பேனல் படங்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பேனல், பேனல், கேஸ் சிலிண்டர் மேல் எழுதியிருந்த நம்பர், பேனல், அறுந்த செருப்பு வார், கடையில் இருந்து "இந்தக் கலர் பரவாயில்லையா" என்று எனக்கு அனுப்பிய புடவை, மறுபடியும் பேனல். மெஷின் அல்லாதவற்றை எல்லாம் 'மற்றவை' என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன். அதில் நானும் இருந்தேன், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு. என்னையும் அதிலேயே போட்டேன்.

எது எந்த மெஷின் என்று கண்டுபிடிக்க முடியாதோ என்று முதலில் பயந்தேன். அவர் அதற்கும் வழி செய்திருந்தார். ஒவ்வொரு முறையும் முதல் படம் மெஷினில் அடித்திருக்கும் பெயர்த்தகடு, அதற்கப்புறம்தான் உள்ளே. தகடு வரும் இடத்தில் எல்லாம் புது ஃபோல்டர் என்று பிரித்துக்கொண்டே போனேன்.

வரியைத் தட்டினேன். அனுமதியில்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. சில கம்ப்யூட்டர்களில் பிடிஎஃப் எழுதக் கூடாது என்று அந்தப் புரோகிராமின் விதிக் கோப்பிலேயே ஒரு வரி இருக்கும். அதைத் தேடித் திருத்திவிட்டு மறுபடி தட்டினேன். இந்த முறை பிடிஎஃப் வந்தது. ஆனால் பாதிப் பக்கங்கள் படுத்துக் கிடந்தன. இடுக்கில் கையை விட்டுப் போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படங்கள். தானாக நிமிர்த்தச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. அதையும் வரியில் சேர்த்தேன். நிமிர்ந்தன.

அப்போதுதான் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயர் நம்பர்கள் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் செக்‌ஷனில் வழக்கம். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அவருடைய இடது ஆள்காட்டி விரல் இருந்தது. எந்த வயரைச் சொல்கிறார் என்று தெரிவதற்காக அதைச் சுட்டிக்காட்டியபடியே எடுத்திருந்தார். கோணல் நகம். ஒரு படத்தில் பேனல் கதவின் கண்ணாடியில் அவரே தெரிந்தார். தலையில் ஹெல்மெட், முகத்தை மறைத்துக்கொண்டு போன். நம்பர் தெளிவாக இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பின்னால் நின்றிருந்த நாத்தனாரை நான் கவனிக்கவில்லை. திடீரென்று என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவன் வெரலுதானே? என் கல்யாணத்துல சேரு மடிக்கும்போது நசுங்கிச்சே, அந்த வெரலு. வலிக்குதாடான்னு கேட்டா, பந்தி முடியட்டும்க்கான்னு சொன்னான்மா..."

அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் கீழே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டார். புடவை நனைந்து தொடையில் ஈரம் பட்டது. அந்த ஈரம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அவர் ஓய்ந்ததும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்த ஃபோல்டர்களை முடித்தேன்.

விரலை வெட்டிவிட்டுக் கொடுப்பதா என்று யோசித்தேன். வெட்டினால் எந்த வயர் என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டேன்.

மறுநாள் காலையில் அந்தத் தம்பி வந்து, பிடிஎஃப்களைப் போட்டு வைத்திருந்த பென்டிரைவை வாங்கிக்கொண்டார். "கலர் பிரின்ட்டே போடச் சொல்லுப்பா. கறுப்பு வெள்ளையில போட்டா செவப்பு வயரும் நீல வயரும் ஒண்ணா தெரியும்" என்றேன். சரி என்று தலையாட்டினார். மதியம் போன் செய்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"அண்ணி, பிரஸ்ஸு பைல்ல நாலாவது பக்கம். அண்ணன் வெரலு ஒரு நம்பர மறைக்குது. வேற படம் எதுனா கீதா?"

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நான் அந்தப் படத்தையும் அடுத்த படத்தையும் ஒன்றே என்று நினைத்து இரண்டாவதை ஒதுக்கியிருந்தேன். ஒன்றல்ல. இரண்டாவதில் விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தியிருந்தார். நம்பர் தெரிந்தது. படித்துச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். சரி என்றேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். "ஓடிச்சி அண்ணி. அண்ணன்தான் ஓட்டிக் குடுத்தாரு" என்றார். "சரிப்பா. சாப்ட்டியா?" என்று கேட்டேன். இல்லை என்றார். போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஒதுக்கி வைத்த அந்தப் படத்தையும் சேர்த்து அந்தக் கோப்பை இன்னொரு முறை செய்து அனுப்பினேன்.

நாத்தனார் படப்பைக்குத் திரும்பினார். நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். யூனிட்டில் நான் வந்தால் பேச்சைத் தாழ்த்தினார்கள். மேனேஜர், "முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும் சார் என்றேன். ஸ்கேனர் பக்கத்தில் டிராயிங் கட்டு உயரமாகச் சேர்ந்திருந்தது. பகல் முழுக்க ஸ்கேன் செய்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில், ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மதுரைப் பக்கம் இருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இப்பப் போய்க் கேக்குறேன்னு நெனைக்காதீக. தங்கச்சி காலேஜுக்கு மார்க் சீட்டெல்லாம் ஒரே பிடிஎஃபா கேக்குறாக. நான் போன்லதான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

கையைக் கழுவிக்கொண்டு அவளை என் மேஜைக்குக் கூட்டிப் போனேன். படங்களை வாங்கி, வரியைத் தட்டி, வந்த கோப்பை அவள் போனுக்கே அனுப்பினேன். அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாக்கா?"

"இவ்ளோதான்" என்றேன். பிரின்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது. அவளோடேயே ஸ்டோர்ஸுக்கு நடந்துபோய் ஒரு கட்டு வாங்கி வந்தேன்.