கரண்ட் போகக் காத்திருப்பவர்

"ஏ" என்று சொல்லிவிட்டுக் கிட்டாரில் ஒரு மீட்டு. பெட்டியில் ஒரு குமிழைத் திருகி, "பி" என்று இன்னொரு மீட்டு. மறுபடி திருகி, "சி". பிறகு லிங்கசாமி சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, "கோமளா, எது கண்ணு நல்லாருக்குது?" என்கிறார். குக்கர் விசிலுக்கு நடுவே மனைவியின் பதில் வருகிறது: "பி-ங்க."

எப்போதும் பி-தான். மூன்றும் ஒன்றுபோலவே கேட்கின்றன என்பது அந்த அம்மாளின் ரகசியம். நடுவில் இருப்பதைச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வம்பில்லை என்று என் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். மாடி வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. ஆனால் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

லிங்கசாமிக்கு இந்த ஏ, பி, சி வியாதி பிழைப்பிலிருந்து ஒட்டிக்கொண்டது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் ஷேடு பார்க்கிறார். வெளிநாட்டுக்காரன் ஒரு நீலம் கேட்டால், மூன்று நீலங்களைச் சின்னத் துணித்துண்டுகளில் ஏற்றி, அட்டையில் ஒட்டி, ஏ, பி, சி என்று பேர் வைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு 'அப்ரூவ்டு' என்று பதில் வரும். வராவிட்டால் இன்னும் மூன்று நீலம். நீலத்திலேயே இத்தனை நீலம் பார்த்த மனிதருக்குக் கிட்டாரில் ஒரே ஒரு சத்தம் போதுமா?

மற்றவர்கள் பாட்டு வாசிக்கக் கிட்டார் வாங்குகிறார்கள். இவர் டோன் பார்க்க வாங்கியிருக்கிறார். வீட்டில் ஒரு பாட்டை முழுதாக வாசித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் மேடையில் வாசிப்பார். கல்யாண வரவேற்புகளுக்குப் போகும் சித்ரகலா இன்னிசைக் குழுவின் நோட்டீஸில், கடைசி வரியில், 'கிட்டார்: லிங்கசாமி' என்று போட்டிருக்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பாக, அவரைக்கொட்டை வடிவத்தில், டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெங்களூரில் யாரோ வைத்திருந்து அலுத்துப்போனதை வாங்கினார். உலகத்தில் பேர்போன ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் கணக்குப் போட்டு அதற்குள் அடைத்திருக்கிறார்களாம். குமிழைத் திருப்பினால் லண்டன், இன்னும் கொஞ்சம் திருப்பினால் கலிஃபோர்னியா. முன்பு இவரிடம் நிஜ ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. அதை வேனில் ஏற்றினால் தபேலாக்காரர் இறங்க வேண்டும். அதனால் அதை விற்றுவிட்டுப் பெட்டியை நேராகப் பவர் ஸ்பீக்கரில், அதாவது மேடையில் பாட்டுக்கு வைக்கிற ஸ்பீக்கரில், சொருக ஆரம்பித்தார். அன்று பிடித்தது சனி.

பழைய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கீச்சுச் சத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். பவர் ஸ்பீக்கருக்கு ஒளிவுமறைவு தெரியாது. பெட்டி சொன்னதை அப்படியே சபையில் போட்டு உடைத்துவிடும். அந்தப் பழைய ஸ்பீக்கரைப் போலவே நடிப்பதற்கும் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட மறந்திருந்த ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

பொத்தானைப் போட்ட பிறகும் கஷ்டம் தீரவில்லை. கோமளாவின் பாத்திரங்கள் அதிராத அளவுக்கு மெல்ல வைத்துக் கேட்டால் தேன். அதே தேனை மண்டபத்தில் ஏற்றினால் தகர டப்பாவில் அடைத்த கொசு, அடியில் ஓர் உறுமல் வேறு. அவிநாசியில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே வந்து கும்பிட்டார். "அந்தக் கம்பி வாத்தியத்த மட்டும் கொஞ்சம் அமத்துங்க சாமி. வந்த சனம் பேசிக்கோணுமல்லங்க."

காரணம் லிங்கசாமிக்குத் தெரியும். மெல்லக் கேட்கும்போது காது மேல் சத்தத்தையும் அடிச் சத்தத்தையும் கோட்டை விடுகிறது. அதற்காக இவர் இரண்டையும் கூட்டி வைக்கிறார். மண்டபத்தில் ஏற்றியதும் இரண்டும் சேர்ந்து அறைகின்றன. "டியூப்லைட்டுல பார்த்த ஷேடு வெயில்ல நிக்காதுங்க. ஊட்டுச் சத்தத்துல பார்த்த டோனும் அப்படித்தானுங்க" என்பார். ஆக, மண்டபச் சத்தத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். திருப்பூரில் எவனும் சண்டைக்கு வராமல் அவ்வளவு சத்தம் போட இடம் எது?

மூளையைக் கசக்கி ஓர் இடம் கண்டுபிடித்தார். திருமுருகன்பூண்டிக்கு அந்தப் பக்கம், கோமளாவின் அண்ணன் கருப்புசாமியின் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். மெஷின்கள் ஓடும்போது அங்கே பக்கத்தில் நிற்பவன் பேசுவதையே வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவர் ஆனமட்டும் ஏற்றி வாசித்தார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரைச்சலுக்கு மேலே கேட்கும்வரை கீச்சுக் குமிழைத் திருகி, திருப்தியாகக் கிளம்பினார்.

அடுத்த மண்டபத்தில் மெஷின் இல்லை. இரைச்சலை ஜெயிக்கப் பிறந்த டோன் ஜெயிக்க ஆளில்லாமல் சனங்களின் மேல் பாய்ந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று வேனில் முதலில் வாயைத் திறந்தது கீபோர்டு மாரிச்செல்வம். நெல்லைப் பக்கத்துக்காரர், வயதில் சின்னவர். "அண்ணாச்சி, நீங்க ஏன் கெடந்து சிரமப்படுதிய? கிட்டார் சத்தம் எங்கிட்டயே இருக்கு. ஒரே பட்டன்." இறங்கும்போது குழுவின் முதலாளியும் பாடகியுமான சித்ரகலா சொன்னார். "காங்கேயம் ரிசப்ஷன் வரைக்கும் பாக்கறேனுங்ண்ணா. அங்கயும் இப்படின்னா மாரிச்செல்வமே வாசிச்சுக்கட்டும்."

லிங்கசாமிக்கு வேறு மேடை கிடையாது. இவர் ஒரு கிட்டார்க்காரர் என்பதற்கு ஊரில் இருக்கும் ஒரே சாட்சி அந்த நோட்டீஸின் கடைசி வரிதான்.

மறுபடியும் மச்சான் யூனிட்டுக்குப் போய் இரைச்சலுக்கு நடுவே திருகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மெஷின்கள் பெருமூச்சு விட்டு நின்றன. கிட்டார் நிற்கவில்லை. இவர் ஸ்பீக்கரைச் சொருகியிருந்தது ஆபீஸ் ரூம் இன்வெர்ட்டரில். அவ்வளவு பெரிய ஷெட்டின் நிசப்தத்தில் அந்த டோன் முதல்முறையாகத் துணி இல்லாமல் நின்றது. பீகார்க்கார மெஷின் ஆபரேட்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பஸ் பையா, பஸ்" என்று இந்தியில் போதும் போதும் என்றான். லிங்கசாமிக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. ஆனால் சத்தத்தைக் குறைக்கவில்லை. கீச்சைக் குறைத்தார். உறுமலைக் குறைத்தார். ஆசை ஆசையாய் வைத்திருந்த கரகரப்பைப் பாதியாக்கினார். ஆபரேட்டர் ஒரு காதை விடுவித்தான். இன்னும் கொஞ்சம் திருக, இன்னொன்றையும் விடுவித்துவிட்டுக் காலியான நூல்கோன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

அப்ரூவல் என்பது அதுதான். ஆனால் அட்டையில் ஒட்டிப் பழகியவருக்கு ஓர் அப்ரூவல் எப்படிப் போதும்? அன்றிலிருந்து திருப்பூரில் கரண்ட் கட்டை எதிர்பார்த்து வாழும் ஒரே ஜீவன் ஆனார் லிங்கசாமி. பத்திரிகையில் மின்தடை நேரத்தை முகூர்த்தம் பார்ப்பதுபோலப் பார்ப்பார். டீக்கடையில் ஆளாளுக்கு வயிறெரிந்து திட்டும்போது இவர் மட்டும், "அவங்களும் என்னங்க பண்ணுவாங்க, பாவம்" என்பார். பூண்டிப் பக்கம் கட் என்றால் லேப்பில் பர்மிஷன் போட்டுவிட்டு, டிவிஎஸ்ஸின் முன்பக்கம் பெட்டியோடு பறப்பார்.

டாலர் படுத்துக் கிடக்கும் காலத்தில் டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டக் கருப்புசாமிக்குக் கட்டுப்படியாகவில்லை. இருந்த ஒரு இன்வெர்ட்டரும் ஃபேனைக் கைவிட்டுக் கிட்டாருக்குப் போனது. ஆர்டர் நின்று, மெஷின் நின்று, காற்றும் நின்று, பனியனால் முகத்தைத் துடைத்தபடி அவர் சொன்னார். "ஏனுங் மாப்ள, கரண்டு வந்தா மூஞ்சி சுருங்கற ஆள நான் உங்களத்தானுங்க பாக்கறேன்." லிங்கசாமி அதற்குப் பதிலாக, "மச்சான், ஏ-வா பி-யான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

காங்கேயம் வரவேற்புக்கு, பெண் வீட்டார் வகையில், நானும் போயிருந்தேன். சித்ரகலா பல்லவியை முடித்தார். கிட்டாருக்கான இடம் வந்தது. மாரிச்செல்வம் கிட்டார் பட்டனை முன்கூட்டியே அமுக்கி வைத்துக்கொண்டு, கட்டைகளுக்கு மேலே வலக்கையைத் தயாராகத் தொங்கவிட்டிருந்தார். லிங்கசாமி வாசித்தார். கொசு வரவில்லை, உறுமல் வரவில்லை. கனமாக, கொஞ்சம் மொறுமொறுப்பாக, பாட்டோடு பாட்டாகப் போயிற்று. ஒருவரும் கைதட்டவில்லை. தாய்மாமன்கள் நிம்மதியாக நிலத்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் யாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாரிச்செல்வம் கையை இறக்கினார், பட்டனை வயலினுக்கு மாற்றினார். சித்ரகலா திரும்பிப் பார்க்காமலேயே சரணத்தை எடுத்தார்.

கடைசியில் கிட்டாருக்கு ஒரு நீண்ட மீட்டு பாக்கியிருந்தது. லிங்கசாமி அதை மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேடையை விட்டு இறங்கினார். ஒயர் விட்டமட்டும் நடந்து, முன்வரிசை நாற்காலிகளுக்கு இடையே ஸ்பீக்கரைப் பார்த்து நின்றார். பிறகு வலக்கையை நீட்டி, அங்கே ஒரு துணி தொங்குவதுபோல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காற்றை மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.