இரண்டு செகண்டில் அறுந்த பேச்சு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது நானே உங்களை உட்காரவைத்துச் சொல்கிறேன், சிரிப்பதென்றால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

காரைக்குடியில் நாங்கள் படித்த காலேஜில் லேப் கம்ப்யூட்டர்கள் பாதி செத்துக் கிடக்கும். அதனால் நானும் சுப்புவும் மெய்யம்மையும் சேர்ந்து ஒரு சர்வர் கட்டினோம். செல்போனிலேயே ப்ரோக்ராம் எழுதி அனுப்பினால் போதும், சர்வர் அதை ஓட்டி விடையைத் திருப்பித் தரும். எவனாவது முடிவே இல்லாத ப்ரோக்ராமை அனுப்பித் தொலைத்தால் சர்வர் படுத்துவிடுமே, அதற்குச் சுப்பு ஒரு பூட்டுப் போட்டான். இரண்டு செகண்டுக்கு மேல் ஓடினால் அறுத்து, சுத்தமாகத் துடைத்துவிடும். மறுபடி ஓட்டினால் முதலிலிருந்துதான். "எவன் வந்தாலும் ரெண்டே செகண்டு, கழுத்தத் திருகிரும் மாப்ள" என்று பீற்றிக்கொள்வான். பூட்டின் பாஸ்வேர்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நாங்களும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, கூறுகெட்டவர்கள்.

எங்கள் துறைத் தலைவர் எச்.ஓ.டி.க்கு அதைப் போட்டுக்காட்ட வேண்டிய நாள். பக்கத்து ஊரான கல்லலிலிருந்து பைக்கில் வருகிற சுப்புவை மட்டும் காணோம். நல்ல பட்டப்பகல். நாங்கள் எப்போதும் சோதனைக்குப் பயன்படுத்துகிற, சர்வரில் உள்ள அவன் கணக்கைத் திறந்து, 'வணக்கம்' என்று மட்டும் காட்டுகிற ப்ரோக்ராமை ஓட்டினேன். வந்ததோ, "மாப்ள விழுந்துட்டேன் கல்லல் ரோட்டுல". அத்தோடு 'நேரம் முடிந்தது'.

"சுப்பு சேட்டைதான். எங்குட்டாச்சும் ஒளிஞ்சிருந்து பண்றான்" என்று மெய்யம்மை சிரித்தாள். திட்டிக்கொண்டே மறுபடி ஓட்டினேன். அதே சொற்கள், அதே இடத்தில் அறுந்தது. ப்ரோக்ராமை மொத்தமாக அழித்துவிட்டு வெறும் பக்கத்தை ஓட்டினேன், நம்பினால் நம்புங்கள், அப்போதும் அதுவே வந்தது. மெய்யம்மை சிரிப்பை நிறுத்திவிட்டுப் போன் போட்டாள். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

"ரோட்டுல எங்குட்டுடா? சொல்லித் தொலைடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். அவன் எப்படிச் சொல்வான்? எந்த இடம் என்று சொல்ல வருவதற்குள் சர்வர் அறுத்துவிடுகிறது, அடுத்த முறை பாவி மறுபடி 'மாப்ள'விலிருந்து ஆரம்பிக்கிறான். நேரத்தைக் கூட்டலாம் என்றால் பாஸ்வேர்டு கேட்கிறது. அவன் பிறந்தநாள், பைக் நம்பர், ஒன்றும் ஏறவில்லை. மெய்யம்மை அழுதுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள், நான் பைக்கை எடுத்துக்கொண்டு கல்லல் ரோட்டுக்கு ஓடினேன்.

இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பேர் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன், வந்தேன். சாயங்காலம் ஆடு ஓட்டிவந்த ஒருவர்தான் பள்ளத்தில் கிடந்தவனைப் பார்த்தார். அந்தப் பள்ளத்தை நான் எத்தனை தடவை தாண்டிப் போனேனோ!

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தீகன்னா..." என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த நர்ஸ், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. லேப்டாப் பையை அவன் திறக்கவே இல்லை.

பிறகு எப்படியோ பூட்டை உடைத்து நேரத்தைக் கூட்டினோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெறும் பக்கத்தை ஓட்டினால் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட வேண்டும், அதில் செய்ய ஒன்றுமில்லையே. அவன் கணக்கில் மட்டும் முடிவதில்லை. பத்து செகண்டு கொடுத்தால் பத்தும் ஓடும், ஒரு மணி நேரம் கொடுத்தால் அதுவும் ஓடும், ஓர் எழுத்து வராது.

இப்போது சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஜூனியர் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணே, ஒரு கணக்கு சும்மா ஓடிக்கிட்டே கெடக்கு. நிப்பாட்டிரவா?"

"தொடாதடா" என்றேன். அவன் கணக்குக்கு மட்டும் நான் நேர வரம்பே வைக்கவில்லை.